டிரம்ஸ் இல்லை, பாட்டு இல்லை: டேவிட் கிரிஸ்மன் இசை பற்றிக் கேள்வி பதில்

கே: அண்ணா, கிரிஸ்மன் குழு வாசிப்பது நாட்டுப்புற இசையா, ஜாஸா?

இரண்டும்தான். கிரிஸ்மன் அமெரிக்க மாண்டலின் கலைஞர். அவரே அதை 'டாக்' (Dawg) இசை என்பார். 1975இல் சான் பிரான்சிஸ்கோ வட்டாரத்தில் ஐவர் குழுவாகத் தொடங்கி, 1977இல் முதல் ஆல்பம் போட்டார்கள். இரண்டு மாண்டலின், வயலின், கிதார், டபுள் பேஸ், அவ்வளவுதான். பாடகர் கிடையாது. புளூகிராஸ் என்ற அமெரிக்க நாட்டுப்புற இசை என்றாலே நினைவுக்கு வரும் பேஞ்சோ என்ற தந்தி வாத்தியம்கூடக் கிடையாது. கிரிஸ்மன் மாண்டலின் கலைஞர் பில் மன்ரோவின் புளூகிராஸில் ஊறியவர். இன்னொரு பக்கம் கிதார் கலைஞர் ஜாங்கோ ரைன்ஹார்ட்டும் வயலின் கலைஞர் ஸ்டெபான் கிராப்பெல்லியும் 1934இல் பாரிஸில் தொடங்கிய, தந்தி வாத்தியங்கள் மட்டுமே கொண்ட ஜாஸ் குழு. இந்த இரண்டு வழியும் இவரிடம் வந்து சேர்ந்தன. 1979இல் வந்த 'ஹாட் டாக்' ஆல்பத்தில் கிராப்பெல்லியே வந்து வாசித்திருக்கிறார்.

கே: டிரம்ஸ் இல்லாமல் தாளம் எப்படி இவ்வளவு இறுக்கமாக நிற்கிறது?

இந்த இசையின் உயிரே அங்கேதான் இருக்கிறது. மாண்டலின்காரரின் இடது கையைப் பாருங்கள். நாலு விரலும் ஒரு கார்டை (chord, சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரங்கள்) அழுத்தியிருக்கும். வலது கை பிக்கால் (தந்தி மீட்டும் சிறு தகடு) ஒரே வீச்சு. ஒலி எழுந்த நொடியே இடது கை விரல்கள் அழுத்தத்தைத் தளர்த்திவிடும், ஆனால் தந்தியை விட்டு விலகாது. 'சக்' என்று ஒரு வெட்டு மட்டும் கேட்கும். இதற்குப் பெயர் 'சாப்'. பேஸ் 'தும்' என்று அடியில் விழும், மாண்டலின் 'சக்' என்று அடுத்த தட்டில் விழும். டிரம்ஸின் வேலை அதோடு முடிந்தது. வயலினிலும் இதைச் செய்யலாம்: வில்லின் பிடிப்பக்கத்தைத் தந்திமேல் செங்குத்தாகப் போட்டு எடுக்க வேண்டும். ரிச்சர்ட் கிரீன் உருவாக்கிய இந்த உத்தியைப் பரப்பியவர் கிரிஸ்மன் குழுவின் வயலின்காரர் டாரல் ஆங்கர்.

கே: மாண்டலின் ஸ்ரீநிவாஸ் வாசித்ததும் இதே வாத்தியமா சார்?

குடும்பம் ஒன்று, ஆனால் வாத்தியம் வேறு. கிரிஸ்மனுடையதில் எட்டுத் தந்திகள், இரண்டிரண்டாக நாலு ஜோடி. ஜோடித் தந்தியை இழுத்துக் கமகம் கொண்டுவருவது கஷ்டம். ஒலியும் சீக்கிரம் அடங்கிவிடும். ஸ்ரீநிவாஸ் கையில் பெரும்பாலும் இருந்தது ஒற்றைத் தந்திகள் கொண்ட எலக்ட்ரிக் மாண்டலின். ஸ்வரம் நீண்டு நிற்கும், அதனால்தான் அந்த கமகங்கள் அவருக்கு வசப்பட்டன.

கே: எல்லாம் எழுதி வாசிப்பதா, மனோதர்மமா?

மெட்டு ஏற்கெனவே அமைத்தது. வயலினும் இரண்டு மாண்டலினும் வேறு வேறு ஸ்வரத்தில் சேர்ந்து நகரும் இடங்களில் ஒழுங்கு ரொம்பத் துல்லியம். அப்புறம் ஆளுக்கொரு சுற்று, அது அவரவர் கற்பனை.

கே: கிளாசிக்கல் பக்கம் கொஞ்சம் கூடுதலாக வேண்டுமென்றால்?

எட்கர் மேயர். டபுள் பேஸ் வித்வான். செல்லோ கலைஞர் யோ-யோ மா, வயலின் கலைஞர் மார்க் ஓ'கானர் இருவரோடும் 1996இல் 'அப்பலாச்சியா வால்ட்ஸ்' வெளியிட்டார். ஜாகிர் உசேன், பேலா ஃபிளெக் இருவரோடும் வாசித்திருக்கிறார். தபலாவும் பேஞ்சோவும் பேசிக்கொள்வதைக் கட்டாயம் கேளுங்கள்.

கே: நான் கிதார் கற்கிறேன். யாரைக் கேட்கலாம்?

டோனி ரைஸ், சந்தேகமே வேண்டாம். கிரிஸ்மன் குழுவின் முதல் ஆல்பத்தில் கிதார் அவர்தான். முதல் தடவை கேட்கும்போது தனி வாசிப்பை விடுங்கள். மற்றவர்கள் வாசிக்கும்போது அவர் பின்னால் என்ன செய்கிறார் என்று மட்டும் ஹெட்ஃபோனில் கவனியுங்கள்.