டாக்டர், எம்.எல்.ஏ., முதலாளி: மாமா போட்ட கணக்கு

விழுப்புரம் மாவட்டத்திலிருந்து ஓர் அம்மா எழுதியிருக்கிறார். மகன் இரண்டாவது முறையும் நீட் எழுதிவிட்டான். தகுதி பெற்றிருக்கிறான். ஆனால் அரசு ஒதுக்கீட்டில் எம்.பி.பி.எஸ். இடம் கிடைக்கும் அளவுக்கு மதிப்பெண் இல்லை. புறவழிச் சாலையை ஒட்டி இருக்கும் ஒன்றரை ஏக்கரை விற்று நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்த்துவிடலாம் என்று தாய்மாமன் ஒற்றைக்காலில் நிற்கிறார். அவர் காட்டும் உதாரணம் அந்த ஊர்க்காரர் ஒருவர்: சின்ன கிளினிக்கில் தொடங்கி, நர்ஸிங் ஹோம் கட்டி, சட்டமன்ற உறுப்பினராகி, இன்று கல்லூரி, பெட்ரோல் பங்க் என்று வளர்ந்திருக்கும் டாக்டர். "டாக்டர் பட்டம்தான் முதல் படி, மற்றதெல்லாம் தானாக வரும் என்கிறார் அண்ணன். அவர் பேச்சைத் தட்டிப் பழக்கமில்லை. என்ன செய்யட்டும்?" என்று கேட்கிறார் அம்மா.

பதற வேண்டாம் அம்மா. பத்தொன்பது வயதில் எதுவும் கைமீறிப் போய்விடவில்லை. ஆறுதல் இவ்வளவுதான். இனி நான் எழுதப் போவது உங்கள் அண்ணனுக்குப் பிடிக்காது.

மருத்துவராக இருந்து மாநில அரசியலில் உச்சம் தொட்டவர்கள் உண்டு. ஒய்.எஸ். ராஜசேகர ரெட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். குல்பர்காவில் எம்.பி.பி.எஸ். முடித்தவர். 1973இல் புலிவெந்துலாவில் தந்தையின் பெயரில் மருத்துவமனை தொடங்கினார். 1978இல் சட்டமன்றத்துக்குள் நுழைந்தார். 2004இல் ஆந்திர முதலமைச்சரானார். மாமா சொல்லும் ஏணி அப்படியே இருப்பதுபோலத் தோன்றும். ஆனால் அந்த மருத்துவமனை தந்தை ராஜா ரெட்டியின் பெயரைத் தாங்கி நின்றது ஏன்? அந்த வட்டாரத்தில் அவருக்கு ஏற்கனவே செல்வாக்கு இருந்தது. மகன் ஸ்டெதாஸ்கோப்பை எடுப்பதற்கு முன்பே அடித்தளம் போடப்பட்டிருந்தது.

நம் பக்கத்திலேயே இன்னொருவர், டாக்டர் சௌந்தரம். இளம் வயதில் கணவரை இழந்து, டெல்லி லேடி ஹார்டிங் கல்லூரியில் மருத்துவம் படித்து, 1947இல் சின்னாளப்பட்டிக்குப் பக்கத்தில் காந்திகிராமம் என்ற கிராமத் தொண்டு அமைப்பை உருவாக்கினார். 1952இல் ஆத்தூர், 1957இல் வேடசந்தூர் தொகுதிகளிலிருந்து சட்டமன்றம் சென்றார். அவர் டி.வி.எஸ். நிறுவனத்தைத் தோற்றுவித்த சுந்தரம் ஐயங்காரின் மகள். வியாபாரக் குடும்பம் முதலில் வந்தது, மருத்துவம் பிறகு வந்தது. மாமாவின் வரிசை இங்கே தலைகீழ். அவருக்குத் தேர்தலில் விழுந்த ஓட்டும் மருத்துவப் பட்டத்துக்கு விழுந்த ஓட்டு அல்ல, கிராமத்தில் போய் உட்கார்ந்து செய்த வேலைக்கு விழுந்தது.

ஆக, உங்கள் ஊர் டாக்டரைப் பற்றியும் விசாரியுங்கள். அவர் கிளினிக் தொடங்கிய இடம் யாருடையது? முதல் தேர்தலுக்குப் பணம் எங்கிருந்து வந்தது? நர்ஸிங் ஹோம் கடனில் கட்டியதா, மாமனார் வீட்டுச் சொத்தில் கட்டியதா? பட்டத்தைக் கழித்துவிட்டுப் பார்த்தாலும் அவரிடம் மிச்சமிருப்பது என்னவென்று தெரியும். அந்த மிச்சம் உங்கள் வீட்டில் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. இருப்பது ஒன்றரை ஏக்கர், அதையும் முதல் படியிலேயே விற்றுவிடச் சொல்கிறார்கள்.

சட்டமன்ற உறுப்பினராக அரசியல் சட்டம் கேட்கும் வயது 25. படிப்புத் தகுதி எதையும் அது கேட்கவில்லை. தமிழ்நாட்டில் சட்டமன்ற வேட்பாளர் ஒருவர் செலவு செய்யச் சட்டம் அனுமதிக்கும் உச்சவரம்பு 40 லட்சம் ரூபாய். நிர்வாக ஒதுக்கீட்டு எம்.பி.பி.எஸ். கட்டணம் சுயநிதிக் கல்லூரிகளில் ஆண்டுக்கு 13 லட்சத்துக்குக் குறையாது. நான்கரை ஆண்டுப் படிப்புக்குப் பெருக்கிப் பாருங்கள், 58 லட்சத்தைத் தாண்டுகிறது. விடுதியும் சாப்பாடும் புத்தகமும் தனி. அரசியல்தான் நோக்கம் என்றால், ஏணியின் முதல் படி உச்சிப் படியைவிட விலை கூடுதலாக இருக்கிறது. (தேர்தல் உண்மையில் எவ்வளவுக்கு நடக்கிறது என்பது வேறு கதை, அதை உங்கள் அண்ணனே எனக்குச் சொல்லித்தரக்கூடும்.)

நிலத்தை விற்காமல் கடன் வாங்கலாமே என்று அடுத்து வருவார். 60 லட்சத்துக்குப் பத்து சதவீத வட்டி என்றால், அசலைத் தொடாமலே மாதம் 50,000 ரூபாய். ஏழரை லட்சத்துக்கு மேல் கல்விக் கடன் கேட்டால் வங்கி சொத்தை அடமானமாகக் கேட்கும். அதாவது அதே ஒன்றரை ஏக்கர். எம்.பி.பி.எஸ். மட்டும் முடித்த இளம் மருத்துவர் தனியார் மருத்துவமனையில் இரவுப் பணி பார்த்து மாதம் என்ன வாங்குகிறார் என்று நேரில் நான்கு பேரிடம் கேட்டுவிட்டு, அந்த வட்டிக்குப் பக்கத்தில் எழுதி வைத்துப் பாருங்கள். முதுநிலை இல்லாமல் இன்று தனியாக கிளினிக் வைத்து நிற்பதே கடினம். அதற்கு இன்னும் மூன்று ஆண்டு, இன்னுமொரு நுழைவுத் தேர்வு. அதிலும் இடம் கிடைக்காவிட்டால் விற்க எதுவும் மிச்சமிருக்காது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். நிர்வாக ஒதுக்கீட்டு இடங்களும் நீட் தரவரிசைப்படி, தேர்வுக் குழு நடத்தும் கலந்தாய்வு வழியாகத்தான் நிரப்பப்படுகின்றன. "கல்லூரியில் ஆள் தெரியும், முன்பணம் கொடுங்கள்" என்று யாராவது வீட்டுக்கு வந்தால் காபிகூடக் கொடுக்காமல் அனுப்பிவிடுங்கள்.

டாக்டராக இருந்துகொண்டே முதலாளி ஆவதும் மாமா நினைப்பதுபோல் தானாக நடப்பதல்ல. நோயாளியை அனுப்பியதற்காக ஸ்கேன் சென்டரிடமோ மருந்துக் கடையிடமோ கமிஷன் வாங்குவதை மருத்துவர்களுக்கான 2002ஆம் ஆண்டு நன்னடத்தை விதிகள் தடை செய்கின்றன. சட்டமன்ற உறுப்பினர் அரசோடு சரக்கு வழங்கும் ஒப்பந்தம் வைத்திருந்தால் பதவியே பறிபோகலாம். மூன்று தொழிலையும் நேர்மையாகச் செய்பவர் மூன்றிலும் பாதி நேரத்தை இந்த வேலிகளைப் பார்த்து நடப்பதிலேயே செலவிட வேண்டியிருக்கும்.

இப்போது பையனுக்கு வருகிறேன். நான்கு பக்கக் கடிதத்தில் மூன்றரைப் பக்கம் அண்ணனைப் பற்றி எழுதிவிட்டு, கடைசியில் போகிற போக்கில் ஒன்று சொல்லியிருக்கிறீர்கள். தாத்தாவுக்கு இடுப்பு எலும்பு அறுவைச் சிகிச்சை நடந்தபோது, முதலமைச்சர் காப்பீட்டுத் திட்ட அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு அலைந்தது உங்கள் மகன்தான். எந்த கவுன்ட்டர் எத்தனை மணிக்குத் திறக்கும், எந்தக் கையெழுத்து இல்லாமல் எந்தத் தாள் திரும்பி வரும் என்று நாட்காட்டித் தாளின் பின்பக்கத்தில் எழுதி வைத்திருந்தான். பக்கத்துக் கட்டில்காரர்களும் அவனிடம் வந்து கேட்டுப் போனார்கள். "படிக்கிற பையன் இப்படி நேரத்தை வீணாக்கினான்" என்று குறைப்பட்டுக்கொள்கிறீர்கள். அந்த மூன்று வரிக்காகத்தான் இவ்வளவு நீளமாகப் பதில் எழுதுகிறேன்.

ராஜசேகர ரெட்டியின் ஆட்சியில் மக்கள் அதிகம் நினைவில் வைத்திருப்பது 2007இல் வந்த ஆரோக்கியஸ்ரீ மருத்துவக் காப்பீட்டுத் திட்டம். தமிழ்நாட்டில் அதுபோன்ற காப்பீட்டுத் திட்டம் 2009இல் வந்தது. இன்று குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை. மருத்துவரான ஒரு முதலமைச்சரின் பெயரை நிலைக்கவைத்த அந்தத் திட்டத்தை ஒவ்வொரு நாளும் ஓட்டுவது அறுவை அரங்கில் நிற்பவர் மட்டுமல்ல, கவுன்ட்டருக்குப் பின்னால் இருப்பவரும்தான். உங்கள் மகன் கவுன்ட்டருக்கு முன்னால் நின்றே அந்த வேலையைப் பாதி கற்றுவிட்டான். அதற்குப் பெயர் மருத்துவமனை நிர்வாகம். ஆலோசனைக்கு வரும் பெற்றோர்களில் அநேகமாக யாருமே அதைக் கேட்டு வருவதில்லை.

என்ன வேலை அது? காப்பீட்டையே பாருங்கள். நோயாளி சேர்ந்ததும் அட்டையைச் சரிபார்த்து, பரிசோதனை முடிவுகளை ஏற்றி, முன் அனுமதி வாங்க வேண்டும். எந்தச் சிகிச்சைக்கு எவ்வளவு என்று முன்பே தொகை நிர்ணயிக்கப்பட்டிருக்கும். சிகிச்சை முடிந்தபின் கோப்பு போகும்போது ஓர் எக்ஸ்ரே படம் விடுபட்டிருந்தால்கூடக் கேள்வி வரும், பணம் நிற்கும். அறுவைச் சிகிச்சை எவ்வளவு நன்றாக நடந்திருந்தாலும் அந்தப் பணம் வராவிட்டால் செவிலியருக்குச் சம்பளம் போடுவது சிரமம்.

அல்லது டிஸ்சார்ஜைப் பாருங்கள். காலை பத்து மணிக்கு "வீட்டுக்குப் போகலாம்" என்று மருத்துவர் சொல்லிவிடுவார். மருந்தகக் கணக்கு, ஆய்வகக் கணக்கு, காப்பீட்டு ஒப்புதல் எல்லாம் கூடி பில் கைக்கு வர மாலை மூன்று மணி ஆகும். ஐந்து மணி நேரம் ஒரு கட்டில் சும்மா கிடக்கும், கீழே இன்னொரு நோயாளி சக்கர நாற்காலியில் காத்திருப்பார். அந்த ஐந்தை இரண்டாக்குகிற நிர்வாகி, ஒரு செங்கல்கூட வைக்காமல் புது வார்டு கட்டியதற்குச் சமம்.

பிறகு யாரும் கண்ணெடுத்துப் பார்க்காத வேலைகள். 2016ஆம் ஆண்டு மருத்துவக் கழிவு விதிகளின்படி ரத்தம் தோய்ந்த பஞ்சு மஞ்சள் பையிலும், குளுகோஸ் குழாய் போன்ற பிளாஸ்டிக் சிவப்பிலும், ஊசிகள் துளைபடாத வெள்ளைப் பெட்டியிலும், கண்ணாடிக் குப்பிகள் நீலத்திலும் போக வேண்டும். சுத்திகரிக்காத கழிவு 48 மணி நேரத்துக்கு மேல் வளாகத்தில் கிடக்கக் கூடாது. எக்ஸ்ரே கருவிக்கு அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் உரிமம், ஸ்கேன் கருவிக்கு கருவின் பாலினம் அறிவதைத் தடுக்கும் சட்டத்தின் கீழ் பதிவு, தீயணைப்புத் துறைச் சான்று. இவற்றில் ஒன்று காலாவதியானாலும் பதில் சொல்ல ஓர் ஆள் வேண்டும்.

நம் மண்ணிலேயே இதற்குப் பெரிய சான்று இருக்கிறது. 1976இல் மதுரையில் டாக்டர் கோ. வெங்கடசாமி 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். அறுவைச் சிகிச்சை நிபுணர் ஒரு மேசையில் முடிப்பதற்குள் பக்கத்து மேசையில் அடுத்த நோயாளி தயாராக இருப்பார். மருத்துவரின் ஒரு நிமிடமும் வீணாகாது. இலவசச் சிகிச்சையும் கட்டணச் சிகிச்சையும் ஒன்றை ஒன்று தாங்கும்படி கணக்கு போடப்பட்டது. அந்த அமைப்பை வளர்த்தவர்களில் முக்கியமானவர் ஆர்.டி. துளசிராஜ். அவர் மருத்துவர் அல்லர், கல்கத்தா ஐ.ஐ.எம்.மில் மேலாண்மை படித்தவர். வெங்கடசாமியை ஊரறியும், துளசிராஜை உங்கள் அண்ணன் கேள்விப்பட்டிருக்க மாட்டார்.

வழி என்னவென்றால், இப்போதே "மருத்துவமனை மேலாண்மை" என்று பலகை மாட்டியிருக்கும் பட்டப்படிப்பில் கண்ணை மூடிக்கொண்டு சேர்க்காதீர்கள். சொந்த மருத்துவமனையோ முறையான பயிற்சி ஒப்பந்தமோ இல்லாத கல்லூரி என்றால், பெயரில் மட்டும்தான் மருத்துவமனை இருக்கும். என் விருப்பம், அரசுக் கலைக் கல்லூரியில் புள்ளியியல், வணிகவியல், பொருளியல் மூன்றில் ஒன்று. உயிரியல் படித்ததும் வீணாகாது, வார்டில் பேசுவது புரியும். ஒவ்வொரு கோடை விடுமுறையிலும் பக்கத்து மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவிலோ பதிவேட்டுப் பிரிவிலோ சம்பளம் எதிர்பார்க்காமல் உட்காரட்டும். பிறகு நுழைவுத் தேர்வு எழுதி மும்பை டாட்டா சமூக அறிவியல் நிறுவனம் போன்ற இடத்தில் மருத்துவமனை நிர்வாகத்துக்கான முதுநிலைப் படிப்பு. எந்தப் பட்டதாரியும் விண்ணப்பிக்கலாம். (டெல்லி எய்ம்ஸிலும் ஒரு படிப்பு உண்டு, ஆனால் அது எம்.பி.பி.எஸ். முடித்தவர்களுக்கு.) இந்த ஐந்து ஆண்டுச் செலவையும் கூட்டினாலும், நிர்வாக ஒதுக்கீட்டின் ஓர் ஆண்டுக் கட்டணத்தைத் தொடாது.

குறைகளையும் சொல்லத்தான் வேண்டும். தொடக்கச் சம்பளம் சொந்தக்காரர்களிடம் சொல்லிக்கொள்ளும்படி இருக்காது. அரசு மருத்துவமனைகளில் தலைமைப் பொறுப்பு மருத்துவர்களுக்கே. பெரிய தனியார் மருத்துவமனைகளில் வருமான இலக்கு நெருக்கும். இரவு இரண்டு மணிக்கு நோயாளியின் உறவினர்கள் கூடிக் கத்தும்போது முன்னால் போய் நிற்க வேண்டியவரும் இவர்தான். கல்யாணப் பத்திரிகையில் பெயருக்கு முன்னால் "டாக்டர்" வராது. அது உங்களுக்கு எவ்வளவு வலிக்கும் என்று எனக்குத் தெரியும், ஆனால் அந்த ஒரு வார்த்தைக்காக 60 லட்சம் கொடுக்க நான் ஒப்பமாட்டேன்.

அண்ணன் இல்லாத நேரத்தில் பையனைக் கேளுங்கள். கேள்வி ஒன்றுதான்: மாமாவும் நிலமும் இல்லாவிட்டால் மூன்றாவது முறை நீட் எழுதுவாயா? "எழுதுவேன்" என்று உடனே சொன்னால் இன்னோர் ஆண்டு கொடுங்கள், அரசு இடத்துக்காக மட்டும். தயங்கினால், அந்தத் தயக்கத்துக்கு மேல் பேச யாருக்கும் உரிமை இல்லை, எனக்கும் சேர்த்துத்தான்.

கடைசியாக அண்ணன் வெளிநாட்டை எடுப்பார், "அங்கே பாதி விலை" என்பார். 2021ஆம் ஆண்டு விதிப்படி வெளிநாட்டில் குறைந்தது 54 மாதப் படிப்பு, அதே நிறுவனத்தில் 12 மாதப் பயிற்சி, திரும்பி வந்து தகுதித் தேர்வு, அதன்பின் இங்கே இன்னும் 12 மாதப் பயிற்சி. அந்தத் தகுதித் தேர்வில் தேறுபவர்களைவிடத் தேறாதவர்களே அதிகம். முகவர் தரும் வண்ணக் கையேட்டில் இந்த வரி இருக்கிறதா என்று அண்ணனையே தேடிப் பார்க்கச் சொல்லுங்கள்.