பனிக்காலத்து அந்துப்பூச்சி: கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

நான் ஆக்ஸ்ஃபோர்டில் வேலை பார்க்கிறேன். போன டிசம்பரில் ஓர் இரவு வீடு திரும்பும்போது கார் வெளிச்சத்தில் அந்துப்பூச்சிகள் பறந்தன. அப்போது குளிர் 3 டிகிரி. பக்கத்து ஓக் மரத்தில் டார்ச் அடித்தால், சிலந்தி மாதிரி இறக்கையில்லாத பூச்சி ஒன்று தண்டில் ஏறிக்கொண்டிருந்தது. இரண்டும் ஒரே இனம், பெயர் ‘விண்டர் மாத்’ என்றார் பக்கத்து வீட்டுப் பெரியவர். மரத்துக்குக் கேடு, கண்டால் கொன்றுவிடு என்றும் சொன்னார். கொல்லத்தான் வேண்டுமா?

அன்புள்ள நண்பருக்கு,

பெரியவர் சொன்ன பெயர் சரி. தண்டில் ஏறியது பெண். இறக்கை இருக்க வேண்டிய இடத்தில் அதற்குச் சிறு துணுக்குதான் உண்டு. பறப்பதற்கான சத்தெல்லாம் வயிற்றில் முட்டையாகச் சேர்ந்திருக்கும். மண்ணிலிருந்து வெளிவந்து மரமேறி, வாசனையால் ஆணை அழைத்து, பட்டை இடுக்குகளில் நூற்றுக்கும் மேல் முட்டையிட்டு இறந்துவிடும்.

ஏப்ரலில் முட்டை பொரியும். இந்த இடத்தைத்தான் நான் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்ப்பேன். புழு பிறக்கும் நாளில் ஓக் மொட்டு அவிழ்ந்திருக்க வேண்டும். மொட்டு மூடியிருந்தால் சில நாளில் பட்டினியில் சாகும். இல்லையென்றால் நூல் விட்டுக் காற்றில் மிதந்து வேறு மரம் தேட வேண்டும். சரி, தாமதமாகப் பிறந்தால்? இலை முற்றி டானின் ஏறிவிடும். நெடுநேரம் ஊறிய தேநீரில் நாக்கைப் பிடிக்குமே, அந்தத் துவர்ப்பு. அதைத் தின்னும் புழு சரியாக வளராது. நடுவில் இருக்கும் அந்தக் கொஞ்ச நாளுக்குள்தான் எல்லாம்.

உங்கள் ஊரை ஒட்டிய வைட்டம் காட்டில் வார்லி, கிராட்வெல் என்ற இருவர் 1950-லிருந்து ஏறக்குறைய 18 ஆண்டுகள், வெறும் ஐந்து ஓக் மரங்களை வைத்து இதை ஆராய்ந்தார்கள். ஏறும் பெண்பூச்சிகளைப் பொறி கட்டி எண்ணினார்கள். இறங்கும் புழுக்களைத் தட்டு வைத்து எண்ணினார்கள். தாய் மரமேறியதற்கும் புழு வளர்ந்து இறங்குவதற்கும் இடையில் ஏற்படும் இழப்புதான் ஆண்டுக்கு ஆண்டு எண்ணிக்கையை ஆட்டி வைக்கிறது என்று தெரிந்தது. அதற்கு முக்கியக் காரணமாக அவர்கள் கருதியது, முட்டை பொரிவதும் மொட்டு அவிழ்வதும் ஒத்துப்போகாததை. எண்ணிக்கை எல்லை மீறாமல் அடக்குவது மண்ணுக்குள் கூட்டுப்புழுக்களைத் தின்னும் வண்டுகளும் மூஞ்சூறுகளும். ஐந்தே மரத்தில் அத்தனை ஆண்டுப் பொறுமை! எனக்கு அவர்கள்மேல் பெரிய மரியாதை.

அதே காட்டில் 1947 முதல் கிரேட் டிட் குருவிகளைக் கவனித்து வருகிறார்கள். நம் பட்டாணிக்குருவிக்கு நெருங்கிய சொந்தம் அது. குஞ்சுகளுக்கு முக்கிய இரை இந்தப் பச்சைப் புழுக்கள்தான். வசந்தம் முந்தி வர வர, குருவிகளும் 1960-களில் இட்டதைவிட ஏறக்குறைய இரண்டு வாரம் முன்னதாக முட்டையிட ஆரம்பித்துவிட்டன. நெதர்லாந்தில் வேறு விதம். அங்கே வெப்பம் கூடியதில் புழு மொட்டை முந்திப் பிறக்க ஆரம்பித்தது. அப்புறம் சில ஆண்டுகளிலேயே முட்டை பொரியும் காலம் மரபுவழியாகவே பின்னால் நகர்ந்தது. முந்திப் பிறந்தவை பட்டினியில் மடிந்தன, பொறுத்துப் பிறந்தவை சந்ததி விட்டன.

கொல்ல வேண்டாம். ஆப்பிள் தோட்டம் வைத்திருப்பவர் அக்டோபரில் தண்டைச் சுற்றிப் பசைப்பட்டை ஒட்டட்டும், அதில் நியாயம் உண்டு. கனடாவின் நோவா ஸ்கோஷியாவுக்கு இது போய்ச் சேர்ந்து பெரும் சேதம் செய்ததும், ஐரோப்பாவிலிருந்து ஒட்டுண்ணி ஈக்களைக் கொண்டுபோய் விட்டு அடக்கியதும் உண்மை. ஆனால் உங்கள் ஓக் அதன் சொந்த வீடு. புழு மொட்டையடித்தாலும் கோடையில் அந்த மரம் இன்னொரு முறை தளிர்க்கும். கொன்றால் குருவிக் குஞ்சுகளின் வாயிலிருந்து பறித்ததாகும்.

மே கடைசியில், காற்றில்லாத மாலையாகப் பார்த்து, அதே மரத்தடிக்குப் போய் நில்லுங்கள். புழு நிறைய உள்ள ஆண்டென்றால் எச்சம் இலைகளில் விழும் ஓசை தூறல் மாதிரி கேட்கும். வளர்ந்த புழுக்கள் நூலைப் பிடித்து மண்ணுக்கு இறங்கிக்கொண்டிருக்கும். பார்த்ததை எனக்கு எழுதுங்கள்.