மண் எந்தப் பக்கம் விழுந்திருக்கிறது?

கேள்வி: சத்தியமங்கலம் மலையடிவாரத்தில் மரவள்ளி பயிரிட்டுள்ளேன். காலையில் சென்றால் கிழங்குகள் தோண்டப்பட்டிருக்கின்றன. வரப்போரத்துக் கறையான் புற்றும் உடைந்து கிடக்கிறது. வந்தது எந்த விலங்கு என்று எப்படி அறிவது? (வாசகர், ஈரோடு மாவட்டம்)

பதில்: குழியின் ஆழத்தைப் பார்ப்பதற்கு முன், தோண்டிய மண் எந்தப் பக்கம் விழுந்திருக்கிறது என்று பாருங்கள். காட்டுப்பன்றி மூக்கால் முட்டிக் கிளறுவதால் மண் முன்புறமும் இருபுறமும் புரண்டு, ஏர் ஓட்டியது போல நீளமாகக் கிடக்கும். பன்றி நிலத்தை உழுவதாகப் பழம்பாடல்கள் கூறுவது வெறும் அணியன்று, கண்ணால் கண்ட உண்மை. பெரும்பாலும் கூட்டமாக வருவதால் செடிகள் பல சாய்ந்திருக்கும். ஈர மண்ணில் பிளவுபட்ட குளம்புத் தடமும் தெரியும்.

முள்ளம்பன்றி, பெயரில் மட்டுமே பன்றி. அது கொறிக்கும் இனத்தைச் சேர்ந்தது. முன்னங்கால் நகங்களால் பறிப்பதால் மண் பின்புறம் ஒரே பக்கமாகக் குவிந்திருக்கும். குழி சிறியதாகவும், கிழங்கை நோக்கி நேராக இறங்குவதாகவும் இருக்கும். மிச்சம் கிடக்கும் கிழங்கைக் கழுவிப் பாருங்கள்: சிற்றுளியால் செதுக்கியது போல் இணையான பற்கோடுகள் இருந்தால் ஐயமே வேண்டாம். அருகில் ஒரு முள் உதிர்ந்து கிடந்தாலும் போதும்.

புற்றை உடைத்தது வேறு விலங்காக இருக்கலாம். வாய் அகன்று, கட்டிகள் சிதறி, சுவரில் நீண்ட நகக்கீறல்கள் இறங்கியிருந்தால் அது கரடி. புழுதியை ஊதித் தள்ளிவிட்டுக் கறையானை உறிஞ்சித் தின்பது அதன் வழக்கம். அழுங்கு எனப்படும் எறும்புதின்னியோ, தன் தலையும் முன்கால்களும் நுழையும் அளவுக்குக் குறுகலாகவே தோண்டும். அது வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ள உயிரினம். ஆகவே அதன் வளையைக் கண்டால் அடைப்பதோ புகை போடுவதோ கூடாது என்று அன்போடு கேட்டுக்கொள்கிறேன்.

வெயில் ஏறிவிட்டால் ஈரம் காய்ந்து விளிம்புகள் உதிர்ந்துவிடும் என்பதால் காலையிலேயே பார்ப்பது நல்லது; ஆனால் கரடி வந்த ஐயம் இருந்தால் நன்றாக விடிந்த பின், துணையோடு செல்லுங்கள். குழிக்கருகில் ஓர் அளவுகோலை வைத்துப் படம் எடுத்துக்கொண்டால், பயிர்ச்சேதத்தை வனத்துறையிடம் முறையிடும்போது அது உதவும்.