அடுப்பு இருக்கட்டும், தண்டல் நோட்டை எடுங்கள்

கேள்வி: திருத்துறைப்பூண்டியில் சின்னதாக மெஸ் நடத்துகிறேன். காலையில் இட்லி, மதியம் சாப்பாடு. பழைய மண் அடுப்பு இடிந்துகொண்டிருக்கிறது. புகைபோக்கி வைத்த அடுப்பை 12,000 ரூபாய்க்குக் கட்டித் தருவதாகக் கொத்தனார் சொல்கிறார். இன்னொன்று காற்றாடி வைத்த ஸ்டீல் அடுப்பு, 38,000. விறகு 60 சதவீதம் மிச்சமாம், தவணையும் உண்டாம். 1,000 ரூபாய் அட்வான்ஸ் கொடுத்துவிட்டேன். விறகை அன்றாடம் கடையில் கிலோ 9 ரூபாய்க்கு வாங்குகிறேன். வெயில் காலத்தில் நாளுக்கு 30 கிலோ போதும், மழைக் காலத்தில் 45 கிலோ போகிறது. கொழுந்தனாருக்காக மூன்று வருடமாகத் தண்டல் ஓடுகிறது. கையில் 17,000 வரும், தினம் 200 வீதம் 100 நாள் கட்ட வேண்டும். முடிந்ததும் அவர் மறுபடி கேட்பார், எடுத்துக் கொடுப்போம். இப்போது இன்னும் 40 நாள் பாக்கி. எந்த அடுப்பை வாங்கட்டும்?

பதில்: கொத்தனாரின் அடுப்பைக் கட்டுங்கள். அதைவிட நான் கவலைப்படுவது, கடிதத்தின் கடைசியில் போகிற போக்கில் எழுதியிருக்கும் தண்டலைப் பற்றித்தான்.

முதலில் அந்த 60 சதவீதம். எதோடு ஒப்பிட்டது என்று விற்பவரிடம் கேளுங்கள். பெரும்பாலும் திறந்த அடுப்போடுதான் ஒப்பிட்டிருப்பார். விறகடுப்புக்கு இந்தியத் தர நிர்ணய அமைவனம் வைத்திருக்கும் குறைந்தபட்ச வெப்பத்திறன், அதாவது விறகின் சூட்டில் பாத்திரத்துக்குப் போய்ச் சேரும் பங்கு, காற்றாடி இல்லாததற்கு 25 சதவீதம், காற்றாடி உள்ளதற்கு 35. அதாவது, நன்றாகக் கட்டிய அடுப்பில் 30 கிலோ எரிந்தால் காற்றாடி அடுப்பில் 21, 22 கிலோ எரியும். மிச்சம் நிஜம்தான், ஆனால் சொன்னதில் பாதி. அதுவும் விறகு நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும், சின்னச் சின்னத் துண்டாக வெட்டிப் போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். வெட்டுக் கூலி யார் கொடுப்பது? கார்த்திகை மழையில் கரண்டு போய் பேட்டரியும் இறங்கிவிட்டால் இட்லி எப்படி வேகும்? புதிதாக வருகிற எதையும் முதல் வருடமே வாங்க வேண்டும் என்று சட்டம் இல்லை.

இப்போது தண்டல். ஒரு சுற்றுக்கு 3,000 ரூபாய் வட்டி. வருடத்துக்கு மூன்றரைச் சுற்றுக்கு மேல் ஓடுகிறது, ஆக 11,000 ரூபாய் போகிறது. 17,000க்கு 11,000 தானே என்று நினைக்காதீர்கள். முதல் நாளிலிருந்தே திருப்பிக் கட்டுவதால் சராசரியாக உங்களிடம் நிற்பது எட்டாயிரத்துச் சொச்சம்தான். எட்டாயிரத்துச் சொச்சத்துக்கு 11,000 வட்டி என்றால் நூற்றுக்கு 125ஐத் தாண்டுகிறது. வட்டியில்லாமல் வாங்குவதாகக் கொழுந்தனார் நினைத்துக்கொண்டிருப்பார். அந்த வட்டியைக் கட்டுவது உங்கள் இட்லிப் பானை.

இந்த 200 ரூபாய் தினமும் கல்லாவை விட்டுப் போவதால்தான் நீங்கள் விறகை அன்றாடம் வாங்குகிறீர்கள். மழையில் கடைக்காரர் கொடுப்பது ஈர விறகு. பச்சை மரத்தில் எடையில் பாதிவரை தண்ணீர்தான். அந்தத் தண்ணீருக்கும் கிலோ 9 ரூபாய் கொடுத்து, அதை ஆவியாக்க இன்னும் 15 கிலோ எரிக்கிறீர்கள். வேதாரண்யம் பக்கத்துச் சவுக்கை லோடாக இறக்கினால் கிலோ 7 ரூபாய்க்குக் கிடைக்கும் என்று வைத்துக்கொள்வோம். ஈர விறகு நாளுக்கு 405 ரூபாய், காய்ந்தது 210. ஐப்பசி முதல் மார்கழி வரை மூன்று மாதத்தில் 17,500 ரூபாய் வித்தியாசம். எந்த அடுப்பு வைத்தாலும் இது உங்கள் பணம்.

எனவே இப்படிச் செய்யுங்கள். வங்கியில் நகையை வைத்து 41,000 எடுங்கள். தண்டல் பாக்கிக்கு 8,000, அடுப்புக்கு 12,000, மூன்று டன் சவுக்குக்கு 21,000. நூற்றுக்கு வருடத்துக்குப் பத்து ரூபாய் வட்டி என்றே வைத்துக்கொள்ளுங்கள். தண்டல்காரருக்குப் போன அதே 200ஐச் சேர்த்து, வாரம் 1,400 அந்தக் கணக்கில் கட்டினால் ஏழு மாதத்தில் அசலும் வட்டியும் முடிந்து நகை வீட்டுக்கு வந்துவிடும். அடகு வைக்கும் முன்பே, பகுதி பகுதியாகக் கட்டலாமா என்று கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

விறகைச் சித்திரையில் இறக்குங்கள். பிளந்து, செங்கல் மேல் கட்டை போட்டு, தரையில் படாமல் அடுக்குங்கள். மேலே தகரம், பக்கவாட்டில் திறப்பு. சுற்றிலும் தார்ப்பாய் போட்டு மூடினால் உள்ளேயே புழுங்கிப் பூசணம் பிடிக்கும். இரண்டு துண்டைத் தட்டினால் கணீரென்று கேட்க வேண்டும், வெட்டிய முனையில் வெடிப்பு விட்டிருக்க வேண்டும். கொத்தனாரிடம் உங்கள் சோற்று அண்டாவையும் இட்லிப் பானையையும் கொடுத்து அந்த அளவுக்கே வாய் வைக்கச் சொல்லுங்கள். சமையல்கட்டுக்குக் கீற்றுக் கூரை என்றால் புகைபோக்கிக் குழாய் அதன் வழியே போகக் கூடாது. அந்த இடத்தில் தகரம் மாற்றியாக வேண்டும். குழாயில் சேரும் கரியை மாதம் ஒரு முறையாவது தட்டி எடுக்க வேண்டும்.

கொழுந்தனார் கேட்பார். வீட்டுக்காரரை முன்னால் வைத்தே, "பணமெல்லாம் கொல்லையில் விறகாக அடுக்கியிருக்கிறது" என்று சொல்லுங்கள். பொய்யும் இல்லை, சண்டைக்கும் இடமில்லை. அவசரம் என்றால், தண்டல் அவர் பெயரிலேயே எடுக்கட்டும். ஜாமீன் கையெழுத்தும் போடாதீர்கள்.

அந்த ஆயிரம் ரூபாய் அட்வான்ஸைத் திருப்பிக் கேட்டுப் பாருங்கள். தரவில்லை என்றால் விட்டுவிடுங்கள். அதைக் காப்பாற்ற இன்னும் 37,000 போட வேண்டாம்.