வைரஸ் தொற்றால் விழுங்க முடியவில்லை, தண்ணீர் மூக்கு வழியாக வருகிறது. இது சரியாகுமா?

என் அப்பாவுக்குச் சரியானது. ஆனால் நாலு மாதம் ஆயிற்று.

குலசேகரம் பக்கம் ரப்பர் பால்வெட்டு அவருக்கு. ஒரு நாள் வெட்டு முடிந்து வந்து கட்டன்சாயா குடிக்கும்போது புரையேறியது. "சவுதில உள்ள பய நெனைக்கான் போல" என்று அம்மா தலையில் தட்டினாள். மறுநாள் சாயா மூக்கு வழியாகவே வந்துவிட்டது. குரலும் கம்மிப்போனது. வலது காதிலும் தொண்டையிலும் குத்தல் வேறு. பக்கத்து டாக்டர் தொண்டைப்புண் என்று மாத்திரை கொடுத்ததில் மூன்று நாள் போயிற்று.

நாகர்கோவிலில் காது மூக்கு தொண்டை டாக்டர் டார்ச் அடித்து என்னையும் பார்க்கச் சொன்னார். அப்பா "ஆ" என்றதும் உள்நாக்கு இடப்பக்கமாக இழுத்துக்கொண்டு போனது. வலப்பக்கம் மட்டும் பொடிப்பொடியாகக் கொப்புளம். பக்கவாதமோ என்று எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள், அது இல்லை. அக்கி! இடுப்பிலும் முதுகிலும் வந்தால் காவியால் எழுதுவார்களே, அதேதான். சின்ன வயதில் வந்த சின்னம்மையின் வைரஸ் நரம்பு முடிச்சில் பதுங்கிக் கிடந்து, வயதாகும்போதோ எதிர்ப்புச் சக்தி குறையும்போதோ கிளம்புமாம். தலையிலுள்ள 12 ஜோடி நரம்புகளில் விழுங்குவதற்கு முக்கியமான 9-வதையும் 10-வதையும் அவருக்குப் பிடித்திருந்தது.

வைரஸை அடக்கும் அசைக்ளோவிர் ஊசியும், வீக்கத்தைக் குறைக்கும் ஸ்டீராய்டும் போட்டார்கள். அறிகுறி தெரிந்த 72 மணி நேரத்துக்குள் தொடங்குவது நல்லது என்றார்கள். நாங்கள் அதைத் தாண்டியிருந்தோம். நீங்கள் இன்றைக்கே போய்விடுங்கள்.

வீட்டில் எங்களுக்குத் தெரியாமல் போனது இன்னொன்று. சோறு இறங்காவிட்டாலும் தண்ணியாவது குடிக்கட்டும் என்று அம்மா ஊற்றிக்கொண்டே இருந்தாள். உண்மையில் தண்ணீர்தான் ஆபத்து. தொண்டை சுதாரிப்பதற்குள் ஓடி மூச்சுக்குழாய்க்குள் போய்விடும், நிமோனியா வரும். அதனால் மூன்று வாரம் மூக்கில் குழாய் போட்டுத்தான் ஆகாரம்.

அப்புறம் விழுங்கும் பயிற்சி. தாடையை நெஞ்சோடு ஒட்டிக் குனிந்து, முகத்தை வலப்பக்கம், அதாவது கெட்டுப்போன பக்கமே திருப்பி, அரை ஸ்பூன். நல்ல பக்கமாக உணவு இறங்குவதற்காம். இது ஆளுக்கு ஆள் மாறும், ஸ்கோப் (கேமரா வைத்த மெல்லிய குழாய்) போட்டுத் தொண்டையைப் பார்த்துத்தான் சொல்வார்கள். நீங்களாகச் செய்ய வேண்டாம்.

முதலில் இறங்கியது அவித்து மசித்த ஏத்தன்பழம். பிறகு குழையக் காய்ச்சிய கஞ்சி. கட்டன்சாயாவுக்கு மட்டும் நாலாம் மாதம்தான் அனுமதி கிடைத்தது. அன்றைக்கும் தம்ளரைக் கொடுக்காமல் அம்மா ஸ்பூனால்தான் கொடுத்தாள்.