அடித்ததும் பொடியும் இரும்பு: கரி மிகுதி

கரி உலையில் இரும்பு எடுக்க 10 கிலோ இரும்புத் தாதுவுக்கு 25 கிலோ கரி போட்டதாகவும், கிடைத்த கட்டி மஞ்சள் சூட்டில் அடித்ததும் பொடிந்ததாகவும், உடைந்த முகம் வெள்ளியாய் மின்னியதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அது தேனிரும்பு (கார்பன் குறைந்த, அடித்து வளைக்கக்கூடிய இரும்பு) இல்லை, வெள்ளை வார்ப்பிரும்பு, அதாவது கார்பன் மிகுந்து நொறுங்கும் இரும்பு. சுத்த இரும்பு உருக 1538 டிகிரி வேண்டும், கரியிலிருந்து 4.3 சதவீதம் கார்பன் ஏறினால் சுமார் 1150 டிகிரியிலேயே உருகிவிடும்.

அடுத்த முறை கரியும் தாதுவும் எடைக்கு எடை போடுங்கள். கசடை, அதாவது உலையில் உருகி ஓடும் கழிவை, முழுக்க வடித்துவிடாதீர்கள், இதுதான் முக்கியம். கறுப்பாக, தேன்போல் ஓடும் கசடில் உள்ள இரும்பு ஆக்சைடுதான் மிகுதிக் கார்பனைத் தின்னும். கசடு பச்சைக் கண்ணாடிபோல் வந்தால் தாதுவைக் கூட்டுங்கள்.

பொடிந்த துண்டுகளை வீச வேண்டாம். சிறு கரியடுப்பில், ஊதுகுழல் வாய்க்கு நேராகச் சொட்டும்படி மறுபடி உருக்கினால் காற்றில் கார்பன் எரிந்து, அடிக்கத் தகுந்த கட்டி அடியில் சேரும்.