தாத்தாவின் ரயில் விளக்கு

கேள்வி: சிங்கப்பூரின் தஞ்சோங் பகார் ரயில் நிலையத்தில் பணியாற்றிய என் தாத்தா விட்டுச்சென்ற பித்தளைக் கைவிளக்கைப் புளி போட்டுத் துலக்கலாமா?
– வாசகர், உட்லண்ட்ஸ்

பதில்: வேண்டாம். துலக்கத் துலக்கப் பித்தளை தேய்ந்து, அதில் பொறித்த எழுத்துகள் மங்கிவிடும். விளக்கு எந்த ரயில்வேக்கு உரியது என்பதற்கு அவைதாமே சாட்சி! மென்மையான தூரிகையால் தூசியை நீக்கி, எஞ்சிய மண்ணெண்ணெயை வடித்து, சிவப்பு, பச்சைக் கண்ணாடிகளைத் துணியால் துடைத்தால் போதும். நம் ஊர் ஈரப்பதத்தில் பிளாஸ்டிக் பையில் இறுகக் கட்டி வைப்பதுதான் பெருந்தவறு. 1932இல் திறக்கப்பட்ட அந்நிலையத்தில் 2011 ஜூன் 30உடன் ரயில் சேவை நின்று, தண்டவாளங்களும் பெரும்பாலும் அகற்றப்பட்டுவிட்டதால், தாத்தாவுக்கு இவ்விளக்கு எப்போது, எவ்வாறு கிடைத்தது என்பதை வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு எழுதி வையுங்கள். அன்பளிப்புக் கடிதம் இருந்தால், உரிமை குறித்த ஐயம் எழாதவாறு அதையும் உடன் வையுங்கள்.